நல்லம்மா ஏசிய பரம்பரை

உன் உயிருக்கு யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறாய் என்று கேட்டால், இராசமலர் முதற்பெயராக நல்லம்மாவைத்தான் சொல்லுவாள். மருதனார்மடத்துக்குக் கிட்ட இருக்கிற அந்த ஒழுங்கையில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. நல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் கனகாலமாகக் கதைபேச்சில்லை. கதைபேச்சில்லை என்றால் நல்லது கெட்டது கதைப்பதில்லை என்றுதான் அர்த்தம். ஏசுவதற்கு அந்தத் தடை கிடையாது.

பகைக்குக் காரணம், வேறென்ன, வேலிதான். ஒரு வருடம் வேலி அடைத்தபோது கதியால் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று நல்லம்மா சொன்னாள். இல்லை, எங்கள் பக்கத்தில்தான் ஒரு சாண் குறைந்தது என்று இராசமலரின் தகப்பன் ஏரம்பர் சொன்னார். இரண்டு பக்கமும் குறைந்ததென்றால் அந்தச் சாண் நிலம் எங்கே போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்தால் சண்டை முடிந்துவிடும், பிறகு பொழுது போவதற்கு என்ன வழி?

ஆனால் கதை தொடங்குவது வேலியில் இல்லை, இராசமலரின் நித்திரையில்.

இராசமலர் சும்மா இருக்கத் தெரியாத பெண். தாய் இரத்தினம்மா செத்தபோது இவளுக்கு எட்டு வயது. தங்கச்சி அருந்ததி அப்போது கைக்குழந்தை. அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே உலையேற்றி, முற்றம் கூட்டி, தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனவள். வேற்றூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்த தியாகலிங்கம், முதல் வருடத்திலேயே, இந்தப் பெண் வெங்காயம் பிடுங்குகிற வேகத்துக்குத் தன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று ஒத்துக்கொண்டவன்.

அப்படிப்பட்டவளுக்கு அறுபத்தாறாம் ஆண்டளவில், இரண்டாவது பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில், ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. பெயர் வைக்க முடியாத ஒன்று. காலையில் எழும்பும்போதே களைப்பு. அடுப்பில் கறியை வைத்துவிட்டு மறந்துபோவாள். நல்ல வெயிலில் குளிருகிறது என்று தியாகலிங்கத்தின் பழைய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவாள். தலை இழுத்தால் சீப்போடு மயிர் கொத்தாக வந்தது. முகம் உப்பி, குரல் தடித்து, படலையில் நின்று கூப்பிடுகிறவர்கள் உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுத் தியாகலிங்கம் என்று நினைத்துக் கதை கொடுத்தார்கள். கோயிலில் கண்டவர்கள் “நல்லாக் கொழுத்திட்டாய், மனுசன் வடிவாய்ப் பாக்கிறான் போலை” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு சொல் இருக்கிறது. பஞ்சி. உடம்பை அசைக்க மனமில்லாத சோம்பல். ஒரு பெண்ணின் மேல் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுப்பது லேசில்லை. தியாகலிங்கம் நல்ல மனுசன், முதலில் பகிடி பண்ணினான், பிறகு பகிடியை விட்டான், பிறகு ஒன்றும் சொல்லாமல் தானே உலையேற்றப் பழகினான். அவன் ஒன்றும் சொல்லாததுதான் இராசமலருக்கு அதிகம் வலித்தது. தனக்குப் பஞ்சிதான் பிடித்திருக்கிறது என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். தன்னைத்தானே ஏசிக்கொண்டு எழும்புவாள், இரண்டு அடி வைப்பாள், திரும்ப இருப்பாள்.

ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்துபோனாள். அருந்ததி தண்ணீர் அள்ள வந்தபோது பிள்ளை கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றது. அருந்ததி போட்ட சத்தத்திலும் இராசமலர் உடனே எழும்பவில்லை. எழும்பிய பிறகு நடந்ததைக் கேட்டு, பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். இனிமேல் என்னை நம்பி இந்தப் பிள்ளையை விடாதேயுங்கோ என்று தியாகலிங்கத்திடம் அவளே சொன்னாள். ஒரு தாய் சொல்லக்கூடிய சொல் அல்ல அது.

அடுத்த நாளே யாழ்ப்பாண ரவுணில் இருந்த ஒரு டொக்டரிடம் போனார்கள். தியாகலிங்கத்துக்குத் தோட்டத்தில் இறைப்பு நாள் என்பதால் ஏரம்பர்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அதிலேதான் எல்லாப் பிழையும் வந்தது.

அந்தக் காலத்து எங்கள் சனத்தின் வழமை ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பகுதியில் செத்தவர்கள் எல்லாரும் ஒன்றில் காய்ச்சலில் செத்தார்கள், அல்லது வயது போய்ச் செத்தார்கள். மூன்றாவதாக ஒரு சாவு கிடையாது. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், “எங்கடை ஆக்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்பதுதான் பதில்; வருத்தமென்றால் எங்கள் ஊரில் நோய். வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் ஒரு பெண் இருக்கும்வரைக்கும் இந்தக் கட்டுப்பாடு. எந்த வீட்டில்தான் அப்படி ஒரு பெண் இல்லை? ஆகையால் கட்டுப்பாடு தளர்ந்ததே இல்லை.

அப்போது அருந்ததிக்கு மட்டுவிலில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஓவசியர். சாதகம் பொருந்திவிட்டது. டொக்டரின் மருந்து அறையில் அரைக்கதவுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் கந்தப்புவும் மட்டுவில்தான். ஏரம்பர் கண்டவுடனேயே அவரை அடையாளம் பிடித்துவிட்டார்.

“தாய் இருக்கிறாவோ?” என்று டொக்டர் கேட்டார்.

“இல்லை டொக்டர். கனகாலம்.”

“என்ன வருத்தம்?”

“நாலு நாள் காய்ச்சல்.” கந்தப்புவுக்குக் கேட்கட்டும் என்றே ஏரம்பர் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

“தாயின்ரை பக்கத்திலை, சகோதரங்களுக்கு ஆருக்கும் ஏதும்?”

“எங்கடை ஆக்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

குரல் ஏன் தடித்திருக்கிறது என்று டொக்டர் இராசமலரைக் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் தகப்பன் சளிபிடித்த தடிமன் என்றார். முகவீக்கத்துக்கு நேற்று இரவு நித்திரை இல்லை என்றார். நித்திரை இல்லையென்று சொன்னதைக் கேட்டு இராசமலருக்கே சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற அளவுக்கு உடம்பில் தென்பில்லை. டொக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு என்று ஒரு ரொனிக் எழுதிக் கொடுத்தார். நோயாளியின் வாயைத் தகப்பன் பொத்திக்கொண்டிருந்தால் டொக்டர் என்ன செய்வார்?

ரொனிக் போத்தல் முடிந்தது. இராசமலர் இன்னும் மெதுவானாள்.

பங்குனி மாதம் ஒருநாள் மத்தியானம். தியாகலிங்கம் கிணற்றடியில் இறைப்பு மிசினோடு நின்றான். வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மண்வெட்டியால் திருப்பிவிடவேண்டியது இராசமலரின் வேலை. வேண்டாம், நீ போய்ப் படு என்றுதான் அவன் சொன்னான். அவளுக்கு ரோசம். இதையாவது செய்கிறேன் என்று மண்வெட்டியைத் தூக்கினாள். நாலைந்து பாத்தி திருப்பினாள். பிறகு வரம்பில் சற்று இருந்தாள். இருந்தவள் நித்திரையாகிவிட்டாள்.

தண்ணீருக்கு நித்திரை ஏது? பாத்தி நிரம்பி, வரம்பை உடைத்து, வேலிக்குக் கீழால் நல்லம்மாவின் முற்றத்துக்குள் போனது. அங்கே பாயில் நல்லம்மாவின் ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. பனங்கிழங்கைக் கிழித்து, நாட்கணக்காய் வெயிலில் போட்டுக் காயவைத்தெடுத்த ஒடியல். வருடம் முழுக்கக் கூழுக்கும் பிட்டுக்கும் அதுதான் மா. நல்லம்மா திரும்பிப் பார்த்தபோது அது மிதந்துகொண்டிருந்தது.

“எடியே, கண்ணைத் திறந்து பாரடி,” என்று தொடங்கினாள் நல்லம்மா. நல்லம்மாவின் குரல் அந்த ஒழுங்கைக்கே மணி. மற்றப் பெண்கள் ஏசுவதை ஏசிவிட்டு மறந்துவிடுவார்கள். நல்லம்மா ஏசினால் ஆள், இடம், காலம் எல்லாம் சரியாக இருக்கும். பொய் சொல்லி ஏசுவது அவளுக்குக் கௌரவக் குறைவு.

“உன்னைச் சொல்லி என்ன செய்யிறது? பரம்பரைப் பஞ்சி. கொம்மா இரத்தினம்மா உப்பிடித்தான். எரியிற வெயிலுக்கை போர்வையைப் போத்துக்கொண்டு அடுப்படியிலை நித்திரை கொண்டவள். முகம் ஊதி, தலையிலை மயிரில்லாமல், ஆம்பிளைக் குரலிலை கதைச்சுக்கொண்டு. அவளின்ரை தமக்கை சிவக்கொழுந்து இன்னொரு கோலம். முழி ரெண்டும் பிதுங்கி, கழுத்திலை மாங்காயளவு கழலையோடை, கை நடுங்க நடுங்க ஒழுங்கை முழுக்க ஓடித் திரிஞ்சவள். ஒருத்தி ஓடுவாள், ஒருத்தி உறங்குவாள். நல்ல குடும்பமடி உங்கடை குடும்பம்.”

வேலிச் சண்டைக்கு ஒரு முறை இருக்கிறது. ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தும்போது மற்றவள் தொடங்கவேண்டும். நல்லம்மா நிறுத்தினாள். இராசமலரின் முறை.

இராசமலர் வரம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். தோளில் போர்வை இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். தாயைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. கேட்டால் ஏரம்பர் பேச்சை மாற்றிவிடுவார். தாயின் முகமே அவளுக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை, படமும் கிடையாது. இப்போது முதன்முறையாக ஒருவர் தன் தாயைப் பற்றி இவ்வளவு விபரமாகச் சொல்லுகிறார். அது ஏச்சாக இருந்தாலென்ன? அவள் மெல்ல மெல்ல நடந்து, வேலியில் கிடுகு விலகி ஓட்டையாயிருந்த பொட்டடிக்கு வந்தாள்.

“மாமி,” என்றாள். “அம்மாவுக்குக் குரல் தடிச்சது எப்ப?”

நல்லம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. அவளுடைய சண்டைச் சரித்திரத்தில் இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

“என்ன கேட்டனீ?”

“அம்மாவின்ரை குரல். பேந்து, கண்புருவம் இப்பிடிப் பாதியிலை இல்லாமல் போனதோ?”

அவள் முகத்தைப் பொட்டுக்குள் நீட்டினாள். எத்தனையோ வருடம் அடுத்தடுத்த வளவில் இருந்தும் நல்லம்மா அந்த முகத்தைக் கிட்டப் பார்த்து நாளாகிவிட்டது. பார்த்தாள். கையிலிருந்த ஈர ஒடியல் கீழே விழுந்தது.

“எடி மோனை,” என்றாள், குரல் அடங்கி. “நீ இரத்தினம்மாவாயெல்லோ நிக்கிறாய்.”

அதன் பிறகு நடந்தது சண்டையா உரையாடலா என்று சொல்ல முடியாது. நல்லம்மா பொட்டுக்கு அந்தப் பக்கத்தில் குந்தியிருந்தாள், இராசமலர் இந்தப் பக்கத்தில். அருந்ததி பிறந்த பிறகுதான் இரத்தினம்மாவுக்கு அது தொடங்கியது என்று நல்லம்மா சொன்னாள். “அதுக்கு முதல் உன்னை மாதிரித்தான், சுழண்டு சுழண்டு வேலை செய்வாள். நானும் அவளும் ஒண்டாய்க் கீரிமலைக்குப் போய் முழுகிற ஆக்கள். பேந்து வரமாட்டன் எண்டிட்டாள், தண்ணி குளிருதாம். பஞ்சி எண்டு நானும் ஏசினனான். ஒரு மாரியிலை படுத்தவள் எழும்பேல்லை. காய்ச்சலுமில்லை கத்தரிக்காயுமில்லை. தொட்டுப் பாத்தனான், உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. மூச்சு மட்டும் இருந்திட்டு ஒருக்கா வந்துது. அப்பிடியே போயிட்டாள்.”

சண்டைச் சத்தம் கேட்டு மிசினை நிற்பாட்டிவிட்டு ஓடிவந்த தியாகலிங்கம், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பதைக் கண்டு மண்வெட்டியோடு அப்படியே நின்றான். பிறகு அவனும் குந்தினான். அவனுக்கும் மாமியார் நாலு நாள் காய்ச்சலில்தான் செத்தவர். கலியாணத்தின்போது சொன்னார்கள், நம்பினான்.

“நாளைக்கு டொக்டரிட்டைப் போறம்,” என்றான். “மாமி, நீங்களும் வரவேணும். வந்து உதை அப்பிடியே சொல்லவேணும்.”

வீட்டில் அன்று பூகம்பம். ஏரம்பர் முகம் கறுத்துப் போனார். கந்தப்புவின் காதில் விழுந்தால் மட்டுவிலுக்குப் பறை தட்டினது போலத்தான் என்றார். “அருந்ததியின்ரை வாழ்வை ஒருக்கா யோசிச்சுப் பாத்தியோ பிள்ளை?”

இராசமலர் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அருந்ததி அவளுக்குத் தங்கச்சியில்லை, முதற்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிற நல்ல சம்பந்தத்தைத் தன் வாயாலேயே உடைப்பதா? உடைக்காவிட்டால் தான் எழும்புவாளா? பதிலை அருந்ததி சொன்னாள், கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி.

“மாப்பிள்ளை பேந்தும் வரும் ஐயா. அக்கா வரமாட்டா.”

ஏரம்பர் அதற்குப் பிறகு மறிக்கவில்லை. ஆனால் மறுநாள் வந்த வாடகைக் காரில் ஏறவும் இல்லை.

நல்லம்மா கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். காணி வழக்கில் ஒருதரம் சாட்சி சொன்ன பிறகு அவளுடைய வாய்க்கு இப்படியொரு மதிப்புக் கிடைத்ததில்லை. டொக்டருக்கு முன்னால் இருந்து, இரத்தினம்மாவையும் சிவக்கொழுந்தையும் தலையிலிருந்து கால்வரைக்கும் சொன்னாள். வேலிக்கு மேலால் சொன்ன அதே சத்தத்தில் சொன்னாள். அரைக்கதவுக்கு மேலால் தலை நீண்டதும் திரும்பிப் பார்த்தாள்.

“கந்தப்பு, வடிவாய்க் கேக்கேல்லையெண்டால் உள்ளுக்கு வாரும்.”

தலை மறைந்தது.

டொக்டர் இராசமலரைக் கதிரையில் முழங்காலில் நிற்கச் சொல்லி, குதிக்காலுக்கு மேலே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது சரி, திரும்பி வருவதற்குத்தான் அதற்கு மனமில்லை. நல்லம்மாவே அதைப் பார்த்துத் தலையாட்டினாள். கழுத்தில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பது அதன் கையில் என்று டொக்டர் சொன்னார். சிவக்கொழுந்துக்கு அது கூடிச் சுரந்தது, ஓடினா. இரத்தினம்மாவுக்குக் குறைந்து போனது, உறங்கினா. குடும்பத்துக்குள் வருகிற ஒரே வருத்தம் இப்படி இரண்டு முகத்தோடும் வரும்.

“அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தால் எனக்கு வேறை யோசினை வந்திருக்கும்,” என்றார். “ஒளிச்சால் நான் எங்கையெண்டு தேடுறது?”

“அப்ப டொக்டர்,” என்றாள் நல்லம்மா. இந்த முறை சத்தம் இல்லை. “இரத்தினம்மாவுக்குப் பஞ்சி இல்லையோ?”

“இல்லையம்மா. வருத்தம். அவவாலை எழும்ப ஏலாமல் போயிருக்கும்.”

இராசமலர் அழுதாள். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்கு வருத்தம் என்றதற்கு அல்ல. தாயின் மேல் அத்தனை வருடம் கிடந்த ஒரு அழுக்கை யாரோ துடைத்துவிட்டதற்கு. அதோடு அது தன் மேலிருந்தும் போய்விட்டது.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வர டொக்டர் நினைத்ததே சரியாக இருந்தது. சின்ன வெள்ளைக் குளிசை. விடியலில் வெறும் வயிற்றில் ஒன்று, உயிர் உள்ளவரைக்கும். முதலில் குறைவாய்த் தொடங்கி மெல்லக் கூட்டுவோம் என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்தப் பரம்பரையில் பிறந்த பெண்களுக்கு இது வரவேண்டும் என்றில்லை, ஆனால் மற்றவர்களைவிட வரக்கூடிய இடம் உண்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு விசேஷமாகக் கவனிக்கவேண்டும். தங்கச்சிக்குச் சொல்லி வையுங்கோ.

அன்று பின்னேரம் தியாகலிங்கம் மாமனாரிடம் டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். ஏரம்பர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழும்பி அடுப்படிக்குப் போய், இரத்தினம்மா படுத்துக் கிடந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றார். அவரும் அவளை ஏசியிருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இராசமலருக்குச் சுகம் சட்டென்று வரவில்லை. குளிசை குடித்துச் சில கிழமை போன பிறகு, வைகாசி வெயிலில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் நெற்றியைத் துடைத்தாள். கை ஈரமாக இருந்தது. வேர்த்திருக்கிறது. எத்தனை காலத்துக்குப் பிறகு. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தியாகலிங்கத்திடம் நெற்றியைக் காட்டினாள். வேர்வையைக் கண்டு கண் கலங்கிய புருஷன் பெண்சாதி அந்த ஊரில் அவர்கள் இரண்டு பேரும்தான் இருப்பார்கள். பிறகு குரல் வந்தது. பிறகு புருவம் வந்தது. பிள்ளையைத் தனியே குளிக்கவார்க்கிற நாளும் வந்தது. அன்று தியாகலிங்கம் கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் இருந்ததற்காக அவள் அவனுக்கு உள்ளுக்குள் நன்றி சொன்னாள்.

ஆவணியில் ஒருநாள், வேலியோரப் பூவரசங்குழையை நல்லம்மா கேட்காமல் வெட்டிவிட்டாள் என்று இராசமலர் ஒரு சண்டை போட்டாள். சந்திவரைக்கும் கேட்கிற சண்டை. நல்லம்மா பதிலுக்கு ஏசிக்கொண்டே சிரித்தாள். “குரல் வந்திட்டுதடி உனக்கு,” என்றாள் கடைசியில். பின்னேரம் பொட்டுக்குள்ளால் ஒரு சுளகு ஒடியல் வந்தது.

மட்டுவில் சம்பந்தம்? ஏரம்பர் பயந்தது பயந்தபடியே நடந்தது. தரகர் வந்து, சாதகத்தை இன்னொரு சாத்திரியாரிடம் காட்டினதில் பொருத்தம் போதாது என்கிறார்கள் என்று நெளிந்தார். இராசமலருக்கு நெஞ்சு கொதித்தது. தங்கச்சியின் முகத்தைப் பார்க்கக் கூசினாள். அருந்ததி மட்டும் ஒன்றும் நடவாதது போல அக்காவுக்கு விடியலில் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டேனே என்று இராசமலர் அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

அடுத்த வருடம் நீர்வேலியிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி வந்தது. மாப்பிள்ளையின் தாய் செல்வநாயகி விபரமான மனுசி. பெண் வீட்டைப் பற்றி அறியவேண்டுமென்றால் பெண் வீட்டின் பகையாளியிடம் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நேரே நல்லம்மா வீட்டுப் படலையைத் திறந்தாள். இராசமலர் நல்லம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். “ஆர் வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கோ மாமி. ஒளிச்சு அனுப்பினால், நாளைக்கு அவளும் போற வீட்டிலை பஞ்சி எண்டு பேர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.”

நல்லம்மா உள்ளதைச் சொன்னாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். செல்வநாயகி கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, தேத்தண்ணி வாங்க முன்னமே, அந்தக் குளிசையைக் காட்டும் என்று இராசமலரிடம் கேட்டாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான் மாமி. நாளும் ஒண்டு.”

“தங்கச்சிக்கு வருமெண்டு நிச்சயமோ?”

“இல்லை. வந்தாலும் வரும், வராமலும் விடும்.”

“வந்தால் எப்பிடித் தெரியும்?”

இராசமலர் சொன்னாள். குளிர், களைப்பு, குரல், மயிர், நித்திரை. செல்வநாயகி ஒவ்வொன்றுக்கும் “ஓம்” போட்டாள். பிறகு குளிசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சிறிய தகப்பனுக்கு வலிப்பு இருக்கிறது, அதையும் நீங்கள் அறிந்திருக்கவேண்டும் என்றாள். ஏரம்பர் வாய்விட்டுச் சிரித்ததை இராசமலர் அன்றுதான் கண்டாள். தையில் கலியாணம் நடந்தது.

வருடங்கள் போயின. அருந்ததிக்கு முதற்பிள்ளை பிறந்து ஒன்றும் வரவில்லை. எழுபத்தைந்தில் இரண்டாவது பிள்ளை. அது பிறந்து சில மாதத்தில் நீர்வேலியிலிருந்து ஆள் வந்தது. அருந்ததியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், தமக்கையையும் வரட்டாம்.

இராசமலர் பஸ்ஸில் பதறிக்கொண்டு போய் இறங்கினாள். வெளிநோயாளர் மண்டபத்தில் நீள மரவாங்கு நிறையச் சனம். அருந்ததி மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். முகம் லேசாக உப்பியிருந்தது. நல்ல புழுக்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவ்வளவுதான். குரல் இன்னும் அவளுடைய குரல்தான்.

முறை வந்தது. டொக்டர் இளம் பொடியன். களைப்பு எத்தனை நாள், சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தவர், “குடும்பத்திலை ஆருக்கும்…” என்று தொடங்கினார். இராசமலரின் உயிரையே மீட்டுத் தந்த கேள்வி அது. ஆனாலும் பின்னால் இவ்வளவு சனம் இருக்க அதைக் கேட்டதும், சின்ன வயதிலிருந்து பழகிய “இல்லை” நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

செல்வநாயகி முந்திக்கொண்டாள்.

“இருக்கு தம்பி. என்ரை மருமேளின்ரை தாய்க்குத் தைரொயிட் இருந்தது, பெரிய தாய்க்கு இருந்தது, இந்தா நிக்கிறா தமக்கை, இவவுக்கும் இருக்கு. மருமேளுக்கும் வரலாமெண்டு கலியாணத்துக்கு முன்னமே எனக்குத் தெரியும். பிள்ளைக்கு நித்திரை கூடினவுடனை கூட்டிக்கொண்டு வந்திட்டன்.”

“மாமி, மெல்லக் கதையுங்கோ,” என்றாள் அருந்ததி.

“ஏன் மெல்லக் கதைக்கவேணும்? களவெடுத்தனாங்களோ?”

வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் திரும்பினார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டு, எல்லாரும் இப்படிச் சொன்னால் எங்கள் பாடு எவ்வளவு சுகம் அம்மா என்று எழுதத் தொடங்கினார். கிணற்றடியில் ஒரு பிள்ளை தனியே நிற்கவேண்டி வரவில்லை. ரொனிக் போத்தல் ஒன்றும் முடியவில்லை. அருந்ததியை ஒருவரும் ஒருநாள்கூடப் பஞ்சி என்று சொல்லவில்லை.

இரத்தம் எடுக்க அருந்ததியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இராசமலர் செல்வநாயகிக்குப் பக்கத்தில் இருந்தாள். நன்றி சொல்ல நினைத்தாள். அந்தச் சொல் வீட்டுக்குள் பழகிய சொல் இல்லை, வரமாட்டேன் என்றது. அதனால் செல்வநாயகியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வாய் திறந்து சொல்ல இருந்திருந்தால்…” என்று தொடங்கினாள்.

செல்வநாயகி கையை இழுக்கவில்லை.

“இருந்திருந்தால் உம்மடை அம்மா இப்ப எனக்குச் சம்பந்தியாய் இந்த வாங்கிலை இருந்து, என்ரை பிள்ளையை நீங்கள் வடிவாய்ப் பாக்கேல்லை எண்டு என்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டிருப்பா.”

இராசமலர் அந்தச் சண்டையை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்காமல், அத்தனை சனத்துக்கு முன்னால், அவள் பாட்டில் அழுதுகொண்டு சிரித்தாள்.